பைக் டயரின் காற்றழுத்தம் பார்க்க எந்த கேஜ்? கம்பெனி லேபில் வைத்துப் பார்த்ததில் தேறியதும் தேறாததும்

கோவை அவினாசி ரோட்டில் ஹோப் காலேஜ் தாண்டி நீலாம்பூர் போவதற்குள் மூன்று பெட்ரோல் பங்கில் நிறுத்தி, ஒரே டயரின் காற்றை அளக்கச் சொல்லிப் பாருங்கள். ஒன்று 24 பி.எஸ்.ஐ. (ஒரு சதுர அங்குலத்தின் மேல் எத்தனை பவுண்டு அழுத்தம் என்ற கணக்கு) என்கும், இன்னொன்று 28 என்கும், மூன்றாவது 31 என்று காட்டிவிட்டுப் பீப் அடிக்கும். காற்று இலவசமாகத் தர வேண்டும் என்பது எண்ணெய்க் கம்பெனிகள் பங்குகளுக்குப் போட்டிருக்கும் விதி. தருகிறார்கள், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த ஹோஸ் நாள் முழுக்கத் தரையில் கிடக்கிறது. அதன்மேல் கார் ஏறுகிறது, வாய்க்குள் இருக்கும் ரப்பர் வாஷர் தேய்ந்து போகிறது. வால்வில் சரியாக உட்காராத வாய் 'புஸ்' என்று கசியவிட்டுக்கொண்டே அளந்தால் உண்மையைவிடக் குறைவான எண்தான் வரும். காற்று அடிக்கிற பையன் அந்த எண்ணை நம்பி இன்னும் நாலு ஏற்றிவிடுவான்.

பஞ்சர் கடையில் கதை வேறு. "அண்ணா, முன்னாடி 25, பின்னாடி 28" என்று சொன்னால், "அதெல்லாம் பத்தாதுங்க தம்பி, 35 வெச்சாத்தான் மைலேஜ் வரும்" என்று பதில் வரும். மைலேஜ் கொஞ்சம் வரும் என்பது உண்மைதான். முன் டயர் கல் மாதிரி ஆகி, மழை பெய்த ரோட்டில் பிரேக் பிடித்தால் சறுக்கும் என்பதும் உண்மை.

கார்க்காரர்களுக்கு இது அவ்வளவு பெரிய விஷயம் இல்லை. 33 வைக்கிற டயரில் ஒன்றிரண்டு கூடக்குறைய இருந்தாலும் நாலு சக்கரமும் தாங்கிக்கொள்ளும். பைக்கில் முன் டயருக்கு 25 என்றால் மூன்று பி.எஸ்.ஐ. தவறு என்பது பன்னிரண்டு சதவீதத் தவறு. குறைந்தால் ஹேண்டில்பார் கனத்துப் போய் வளைவில் வண்டி இழுக்கும், கூடினால் ரோட்டைப் பிடிக்காது. அதோடு பைக் டயருக்குள் இருக்கும் காற்று கார் டயரில் இருப்பதில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். கொஞ்சம் கசிந்தாலும் எண் சட்டென்று இறங்கிவிடும்.

என்னுடையது பல்சர் 150. முன்னால் 25, பின்னால் தனியாகப் போனால் 28, டபுள்ஸ் போனால் 32. இந்த மூன்று எண்ணையும் ஒழுங்காகச் சொல்கிற கேஜ்தான் எனக்கு வேண்டும். 150 பி.எஸ்.ஐ. வரை அளக்குமா, ராத்திரியில் நீல விளக்கு எரியுமா, கண்ணாடி உடைக்கும் சுத்தியல் கூட வருமா என்பதெல்லாம் அப்புறம்.

நான் ஒரு பம்பு செட் கம்பெனியில் குவாலிட்டி கன்ட்ரோலில் இருக்கிறேன். பம்பின் பிரஷர் பார்க்கும் கேஜ்களை எல்லாம் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை ஒத்துப்பார்க்க எங்கள் லேபில் ஒரு மாஸ்டர் கேஜ் உண்டு. அது சரியாகத்தான் காட்டுகிறது என்பதற்குக் கேலிப்ரேஷன் சர்டிஃபிகேட் உள்ளது. கைப்பம்பு ஒன்றில் ஒரு பக்கம் மாஸ்டர், மறுபக்கம் சோதிக்க வேண்டிய கேஜ். பம்பை அமுக்கினால் இரண்டுக்கும் ஒரே காற்று போகும், இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம். அதில் பைக் வால்வு ஒன்றைத் திருகி மாட்டிக்கொண்டு, மதியச் சாப்பாட்டு நேரத்தில் நான் வாங்கியவற்றை எல்லாம் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். லேப் பார்க்கிற பெண், "என்னங்கண்ணா, பொம்மைக் கடையா வெச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு எண்களை அவளே எழுதியும் கொடுத்தாள்.

பிராண்டு பெயர் எதுவும் சொல்லப்போவதில்லை. ஆன்லைனில் தேடினால் ஒரே அச்சில் வார்த்த கேஜ் ஐந்து பெயரில் ஐந்து விலையில் கிடைக்கிறது. பெயரைச் சொன்னால் அடுத்த மாதம் அதே பெயரில் வேறு பொருள் வரும். எந்த வகை, எந்த அளவு, எப்படிப்பட்ட வாய் என்பதுதான் கடைசிவரை உதவும்.

முதலில் பென்சில் கேஜ். டவுன்ஹால் பக்கம் ஒரு ஸ்பேர்ஸ் கடையில் நூற்றைம்பது ரூபாய்க்குள் கிடைத்தது. பேனா மாதிரி சட்டைப் பையில் மாட்டிக்கொள்ளலாம், பேட்டரி வேண்டாம். உள்ளே ஒரு சின்ன பிஸ்டன், அதற்குப் பின்னால் ஸ்பிரிங். காற்று பிஸ்டனைத் தள்ளும், எண் போட்ட குச்சி வெளியே துருத்தும். எடுத்த பிறகும் குச்சி அங்கேயே நிற்பதால் கண் முன்னால் கொண்டுவந்து நிதானமாகப் படிக்கலாம். யோசனை அருமை. செய்கை சுமார். மாஸ்டரில் 25 வைத்துவிட்டு அளந்தபோது ஒருமுறை 27, ஒருமுறை 24, இன்னொரு முறை 26. குச்சி வேகமாக வெளியே வந்தால் அந்த உந்துதலிலேயே நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிவிடுகிறது. மெதுவாக அமுக்கினால் பிஸ்டனின் உராய்வில் முன்னாலேயே நின்றுவிடுகிறது. தூசி புகுந்தால் இன்னும் மோசம். கோடுகளும் இரண்டிரண்டு பி.எஸ்.ஐ.க்கு ஒன்றுதான் போட்டிருந்தது.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடையில் யாரும் சொல்வதில்லை. எப்போது அளந்தாலும் ஒன்று கூடுதலாகவே காட்டும் கேஜால் பிரச்சினை இல்லை. ஒன்றைக் கழித்துக்கொண்டு காலம் முழுக்க ஓட்டலாம். ஒருமுறை கூட்டியும் ஒருமுறை குறைத்தும் காட்டும் கேஜை என்ன செய்வது? எதைக் கழிப்பது? எங்கள் தொழிலில் புதிதாக வருகிற பையனுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்: உண்மையிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பது ஒரு கேள்வி, ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நிற்கிறதா என்பது இன்னொரு கேள்வி. டயர் கேஜுக்கு இரண்டாவதுதான் முக்கியம். பென்சில் கேஜ் அதில்தான் தோற்றது. இருந்தாலும் எடுத்துப் போட்டுவிடவில்லை. 25-க்குப் பதில் 12 இருக்கிறது, அதாவது பஞ்சர் என்று கண்டுபிடிக்க அது தாராளமாகப் போதும்.

அடுத்து முள் வைத்த டயல் கேஜ். நான் இரண்டு வாங்கினேன், இரண்டும் ஒரே வேலையைச் செய்வதாகத்தான் அட்டையில் போட்டிருந்தது. ஒன்று 0 முதல் 60 வரை. கருப்பு ரப்பர் சட்டை போட்டது, ஒரு சாண் நீள ஹோஸ், பக்கத்தில் காற்றை வெளியேற்றும் சின்ன பட்டன். விலை எழுநூறு சொச்சம். இன்னொன்று 0 முதல் 160 வரை. குரோம் பளபளப்பு, கையில் எடுத்தால் கனம், 'ஹெவி டியூட்டி' என்று சிவப்பில் எழுதியிருந்தது. அதைப் பார்த்தால் யாருக்கும் அதைத்தான் வாங்கத் தோன்றும்.

உள்ளே இரண்டும் ஒன்றுதான். யூஜீன் போர்டோன் என்ற பிரெஞ்சுக்காரர் 1849-ல் காப்புரிமை வாங்கிய அமைப்பு: வளைத்து, தட்டையாக்கிய ஒரு பித்தளைக் குழாய். உள்ளே அழுத்தம் ஏறினால் குழாய் வளைவை விட்டு நிமிரப் பார்க்கும். அந்த மயிரிழை அசைவைப் பல்சக்கரம் பெரிதாக்கி முள்ளைத் திருப்பும். நூற்றெழுபது வருஷத்துக்கும் மேலாகியும் எங்கள் பம்பு ஃபேக்டரியில் இன்றைக்கும் அதேதான் ஓடுகிறது.

வித்தியாசம் டயலின் மேல் எல்லையில் இருக்கிறது. அமெரிக்க மெக்கானிக்கல் இன்ஜினியர்கள் சங்கத்தின் பி40.100 என்ற தரத்தில் 'பி கிரேடு' என்று ஒன்று உண்டு. சுமாரான நல்ல டயல் கேஜ்கள் எல்லாம் அந்த வகுப்புதான். அதன்படி, டயலின் நடுப்பாதியில் இரண்டு சதவீதமும், இரண்டு ஓரக் கால்பங்கில் மூன்று சதவீதமும் பிழை இருக்கலாம். கவனியுங்கள், நீங்கள் படிக்கிற எண்ணில் இரண்டு சதவீதம் இல்லை. டயலின் முழு அளவில் இரண்டு சதவீதம். 60 வரை உள்ள கேஜில் நடுப்பாதி என்பது 15 முதல் 45 வரை. என் 25, 28, 32 மூன்றும் அதற்குள் வந்துவிடுகின்றன. பிழை அதிகபட்சம் 1.2 பி.எஸ்.ஐ. 160 வரை உள்ளதில் நடுப்பாதி 40-ல்தான் ஆரம்பிக்கிறது. என் மூன்று எண்களும் ஓரத்தில் கிடக்கின்றன. அங்கே மூன்று சதவீதம் என்றால் 4.8 பி.எஸ்.ஐ. அதாவது 25 இருக்கும் டயரை அந்த கேஜ் கிட்டத்தட்ட 20 என்று காட்டினாலும் கிட்டத்தட்ட 30 என்று காட்டினாலும் தரப்படி அது நல்ல கேஜ்தான்! தங்கம் நிறுக்க அரிசி மூட்டைத் தராசை எடுத்துப்போன கதை.

லேபில் நடந்ததும் இதுவே. 60 கேஜ் மூன்று எண்ணிலும் அரை பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டியது. எத்தனை முறை வைத்தாலும் அதே அரை. ஏற்றிக்கொண்டு போய் அளந்தாலும், இறக்கிக்கொண்டு வந்து அளந்தாலும் முள் அதே இடத்தில் வந்து நின்றது. குரோம் கேஜ் 25-க்கு 29 என்றது, 28-க்கு 32. சரி, இது குப்பையா என்று பார்க்க மாஸ்டரை 80-க்கு ஏற்றினேன். 80-ஐக் கச்சிதமாகத் தொட்டது. லாரிக்காரர் யாராவது வாங்கியிருந்தால் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருப்பார், அதில் தவறும் இல்லை. ஆன்லைனில் மற்றவர்கள் போட்ட நட்சத்திரத்தைப் பார்த்து கேஜ் வாங்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். அவர் எந்த வண்டிக்கு வாங்கினார் என்று அங்கே போட்டிருக்காது.

டயல் கேஜில் இன்னொரு நுணுக்கம். சும்மா இருக்கும்போது முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். நல்ல யோசனைதான், ஆனால் பல கேஜில் பூஜ்யத்தில் ஒரு சின்ன ஆணி வைத்து முள்ளைத் தடுத்து நிறுத்தியிருப்பார்கள். கீழே விழுந்து முள் பின்னால் நகர்ந்திருந்தாலும் ஆணியில் சாய்ந்துகொண்டு பூஜ்யத்தில் இருப்பது மாதிரியே தெரியும். ஆணி இல்லாத டயல் கிடைத்தால் அதை எடுங்கள். ரப்பர் சட்டை அழகுக்காக இல்லை. டயல் கேஜுக்கு எமன் சிமெண்ட் தரைதான்.

டிஜிட்டலுக்கு வருவோம். நண்பர்களில் பாதிப் பேர் இதைத்தான் வைத்திருக்கிறார்கள். உள்ளே குழாயும் கிடையாது, ஸ்பிரிங்கும் கிடையாது. நகத்தில் பாதி இருக்கும் சிலிக்கான் சில்லு, அதில் மெல்லிய ஜவ்வு. அது வளைகிற வளைவை மின்சாரமாக மாற்றி எண் காட்டுகிறது. நான் வாங்கியது அறுநூறு ரூபாய். உண்மையைச் சொன்னால் லேபில் எனக்குக் கொஞ்சம் ஆச்சரியம்தான். 25-க்கு 25, 28-க்கு 28.5, 32-க்கு 32. திரும்பத் திரும்ப அளந்தாலும் அரைக்கு மேல் ஆடவில்லை. 'பிழை 1 சதவீதம்' என்று அட்டையில் போட்டிருந்தது. 150 வரை அளக்கும் கருவியில் அது 1.5 பி.எஸ்.ஐ. வரை போகலாம், என் கைக்கு வந்தது அதைவிட நன்றாக இருந்தது. பாதிப் புள்ளி வரைக்கும் எண் காட்டுவதால் பாதிப் புள்ளி வரைக்கும் சரி என்று மட்டும் நினைக்க வேண்டாம். திரையில் தசமம் போடுவது சுலபம்.

ஆனால் வண்டியிடம் கொண்டுபோனதும் சிக்கல் ஆரம்பித்தது. கார் வால்வு சக்கரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நேராக வைத்து அமுக்கினால் முடிந்தது. பைக்கில் வால்வு ரிம்மின் நடுவிலிருந்து அச்சைப் பார்த்து நிற்கிறது. ரிம்முக்கும் ஹப்புக்கும் நடுவே இருக்கும் இடத்தில் என் டிஜிட்டல் கேஜின் துப்பாக்கிப் பிடி மாதிரியான உடம்பு நுழையவில்லை. ஒரு பக்கம் டிஸ்க் வேறு. சாய்த்து வைத்தால் கசிகிறது, கசிந்தால் எண் குறைகிறது. பின்னால் செயின் ஸ்ப்ராக்கெட் பக்கம் கையில் கிரீஸ் அப்பிக்கொள்வதுதான் மிச்சம். லேபில் முதல் மார்க் வாங்கிய கருவி பார்க்கிங்கில் 25-ஐ 22 என்று சொன்னது. கருவி மேல் பழி இல்லை, வாய்தான் வண்டிக்குப் பொருந்தவில்லை.

பைக்குக்கு கேஜ் வாங்குகிறவர் துல்லியத்தைவிட முதலில் பார்க்க வேண்டியது அதன் கழுத்தை. 45 டிகிரியோ 90 டிகிரியோ வளைந்த வாய் இருக்க வேண்டும், அல்லது வளையும் ஹோஸ் இருக்க வேண்டும். ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். சக்கரம் சின்னது, பின் வால்வு இன்ஜினுக்கும் சைலன்சருக்கும் நடுவே ஒளிந்திருக்கும். என் மனைவியின் ஸ்கூட்டரில் நேர் வாய் கேஜ் எதுவும் போகவே இல்லை. ஹோஸ் வைத்த டயல் மட்டும்தான் எட்டியது. ஹோஸுக்குள் காற்று போனால் டயரில் குறையாதா என்று ஒருவர் கேட்டார். ஒரு சாண் ஹோஸுக்குள் ஒரு டீஸ்பூன் காற்று கூடப் பிடிக்காது. டயருக்குள் லிட்டர் கணக்கில் இருக்கிறது. போகட்டும், விடுங்கள்.

டிஜிட்டல் வாங்கியே தீருவது என்றால் இரண்டு சொல்கிறேன். வால்வில் வைப்பதற்கு முன்னால் ஆன் செய்து பூஜ்யம் வருகிறதா என்று பாருங்கள். ஆன் ஆகும்போது இருக்கும் அழுத்தத்தையே பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும் கருவிகள் உண்டு, வால்வில் அமுக்கிக்கொண்டே ஆன் செய்தால் ஏமாற்றும். அப்புறம், பட்டன் பேட்டரி எந்த வகை என்று பாருங்கள். சி.ஆர். 2032 என்றால் தெருமுனைக் கடையிலேயே கிடைக்கும்.

நாலாவதாக, காற்றும் அடித்து எண்ணும் காட்டும் சார்ஜ் போடும் குட்டி கம்ப்ரஸர். இது இப்போது எல்லார் வீட்டிலும் வந்துவிட்டது. பயணத்துக்கு நல்ல பொருள், எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் அதை கேஜாக நம்ப முடியாது. ஓடும்போது அது அளப்பது ஹோஸுக்குள் இருக்கும் அழுத்தத்தை. காற்று வால்வுக்குள் தள்ளிக்கொண்டு போகும்போது ஹோஸில் டயரைவிட அதிகமாக இருக்கும். 25 என்று வைத்தால் 25 வந்ததும் நின்றுவிடும், நின்றதும் எண் மெல்ல இறங்கும். கடைசியில் திருகிக் கழற்றும்போது 'ஸ்ஸ்' என்று கொஞ்சம் போகும். நான் 27 வைத்து அடித்துவிட்டு, டயல் கேஜின் பட்டனை அமுக்கி 25-க்கு இறக்குகிறேன். அந்த பட்டன் இருப்பதால்தான் இது சுலபமாக முடிகிறது. பட்டன் இல்லாத கேஜ் என்றால் நகத்தால் வால்வு ஊசியை அமுக்கி, திரும்ப அளந்து, திரும்ப அமுக்கி என்று போய்க்கொண்டே இருக்கும்.

வால்வு மூடிக்குப் பதிலாகத் திருகி மாட்டும் சென்சார்களும் இருக்கின்றன. போனிலோ ஹேண்டில்பார் திரையிலோ எண் காட்டும். ஓடும்போதே மெதுவான பஞ்சரைக் காட்டிக்கொடுக்கும் என்பதற்காக நெடுந்தூரம் போகிறவர்கள் வாங்கலாம். ரப்பர் வால்வு என்றால் அதன் தலையில் கூடுதல் எடை சேர்வதை மறக்க வேண்டாம், உலோக வால்வாக மாற்றிவிட்டுப் போடுங்கள். நான் போடவில்லை.

ஊட்டி விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் எங்கள் ஊர் பைக்காரர்களிடம் இரண்டு கட்சி இருக்கிறது. "மேல போகப் போக டயர் உப்பும், கீழயே நாலு குறைச்சிட்டுப் போ" என்பது ஒரு கட்சி. "குளிர்ல காத்து சுருங்கும், நாலு கூட்டிட்டுப் போ" என்பது இன்னொரு கட்சி. இரண்டு பேரும் பாதி சரி.

டயர் கேஜ் காட்டுவது உள்ளே இருக்கும் மொத்த அழுத்தத்தை இல்லை. வெளியே இருக்கும் காற்றைவிட உள்ளே எவ்வளவு அதிகம் என்பதைத்தான். மேட்டுப்பாளையத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் 14 பி.எஸ்.ஐ. சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் அது 11 சொச்சம்தான். டயரில் எதையும் தொடாமல் மேலே ஏறினால், வெளியே குறைந்த அந்த மூன்று பி.எஸ்.ஐ. கேஜில் கூடுதலாகத் தெரியும். முதல் கட்சி சொல்வது இது. ஆனால் கீழே 34 டிகிரியில் இருந்த காற்று ஊட்டியில் காலையில் 16 டிகிரிக்கு வந்துவிடுகிறது. 32 வைத்த டயரில் அந்தக் குளிர் மட்டும் கிட்டத்தட்ட மூன்று பி.எஸ்.ஐ.யை இறக்கும். இரண்டாம் கட்சி சொல்வது இது. ஒன்று ஏற்றுகிறது, ஒன்று இறக்குகிறது, கணக்கு கிட்டத்தட்ட நேராகிவிடுகிறது. குன்னூர் வழியாக ஏறிப் போய், இரவு தங்கி, காலையில் வண்டியைத் தொடுவதற்கு முன் அளந்தேன்; கீழே வைத்த எண்ணுக்கு ஒன்று கூட வித்தியாசம் இல்லை. ஆகவே ஊட்டிக்கென்று கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். குன்னூரில் டீ குடிக்க நிறுத்தும்போது அளந்து பார்த்துவிட்டு, "ஐயோ ஏறிடுச்சு" என்று காற்றை மட்டும் இறக்காதீர்கள். அது மலையேறிய உயரமும் சூடும்.

சூடு என்றதும் அளக்கும் நேரம். நல்ல கேஜ் வாங்கி, பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு அளந்தால் எழுநூறு ரூபாய் வீண். ஸ்டிக்கரில் இருக்கும் எண் குளிர்ந்த டயருக்கானது. வண்டி நின்று மூன்று மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும், அல்லது ஒரு கிலோமீட்டர் சொச்சத்துக்கு மேல் ஓடியிருக்கக் கூடாது. காலையில் வீட்டு வாசலில் அளப்பதுதான் சுலபம். ஒரு பக்கம் வெயில் அடிக்கும் இடத்தில் நிறுத்தியிருந்தால் அந்த டயர் மட்டும் கூடக் காட்டும், அதையும் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் பி.எஸ்.ஐ. எண் அந்த டயர் தாங்கும் உச்ச வரம்பு. அதை வைக்கச் சொல்லவில்லை. வைக்க வேண்டிய எண் வண்டியின் ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ இருக்கும். சில ஸ்டிக்கரில் கிலோகிராம் கணக்கில் 1.75, 2.00 என்று போட்டிருப்பார்கள். 14.2-ஆல் பெருக்கினால் பி.எஸ்.ஐ. வந்துவிடும்; 1.75 என்றால் 25, 2.00 என்றால் 28.

ஆக, நான் வைத்துக்கொண்டது 0 முதல் 60 வரை உள்ள ஹோஸ் டயல். டேங்க் பேக்கில் பென்சில் கேஜ் கிடக்கிறது, வழியில் சந்தேகம் வந்தால் பார்க்க. டிஜிட்டலை மாமனாரின் காருக்குக் கொடுத்துவிட்டேன்; அங்கே அது ராஜா. குரோம் கேஜை கம்பெனி மினி லாரி டிரைவர் அண்ணன் வாங்கிக்கொண்டார், விலை கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

60 வரை உள்ள டயல் கடைகளில் கேட்டவுடன் கிடைக்காது என்பது இதிலிருக்கும் ஒரே தலைவலி. "எல்லாம் ஒண்ணுதானுங்க, இது 160 வரைக்கும் காட்டும், நல்லா வரும்" என்று பெரியதைத்தான் நீட்டுவார்கள். விடாதீர்கள். கடையில் இருப்பதில் சின்ன எல்லை உள்ளதாகக் கேளுங்கள். 60 இல்லாவிட்டால் 100-க்கு மேல் போகாதீர்கள். சில ஸ்கூட்டரின் முன்சக்கரத்துக்கு 22-தான், அவர்களுக்கு 100 கூட அதிகம். மாஸ்டர் கேஜ் எல்லாரிடமும் இருக்காது என்பது எனக்குத் தெரியும். கடை வாசலில் உங்கள் வண்டியையே நிறுத்தி, அதே கேஜை அதே வால்வில் மூன்று முறை வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு அளவிலும் இத்தனூண்டு காற்று போவதால் எண் மெல்ல மெல்ல இறங்கலாம், அது சகஜம். நடுவில் ஏறினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வால்வில் சாய்க்காமல் நேராக உட்காருகிறதா, கசியும் சத்தம் வராமல் பிடிக்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடைக்குப் போகலாம். எனக்கு விற்றவர் சுளிக்கவில்லை. "அப்படியே என் வண்டியையும் பாத்துச் சொல்லுங்க" என்றார். அவர் வண்டியில் முன்னால் 19 இருந்தது.